என்ன புகை?

ஒத்திகைக்குக் கொளுத்தும் புகையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணீர்ப் புகை என்றால் பேப்பரில் வரும், அறிக்கைகள் வரும், நீதிமன்றம் வரைக்கும் போகும். அதே காவல்துறை ஒரு மாக் டிரில்லில் வெள்ளைப் புகையைக் கிளப்பினால் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறோம். கண் எரியவில்லை, மூக்கில் தண்ணீர் வரவில்லை, அப்புறம் என்ன ஆபத்து என்று ஒரு நினைப்பு. புகைக் குண்டைக் கையாளுகிறவர்களில் பலருக்கும் இதே நினைப்புதான் இருக்கிறது. இது எவ்வளவு தப்பு என்பது கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. நேரில் பேசிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். அபாயகரமான ரசாயனங்கள் தொடர்பான 1989 விதிகளின்படி எங்களைப் போன்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்தியாக வேண்டும். பெரும்பாலும் வாயுக்கசிவு, தீ விபத்து, அவ்வளவுதான். ஒரு தடவை மட்டும் காவல்துறையோடு சேர்ந்து பெரிதாக நடந்தது. ஆயுதங்களோடு சிலர் அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்து ஊழியர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதிரடிப் படை புகைத் திரைக்குப் பின்னால் நுழைந்து அவர்களை மீட்க வேண்டும். இதுதான் கதை. காகிதத்தில் இருந்த திட்டப்படி புகை மொத்தமும் வெளியே, மெயின் கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவில் இருக்கும் திறந்தவெளியில். ஆனால் அன்று ஒத்திகை சூடு பிடித்த நேரத்தில், ஏற்பாட்டாளர்களில் ஒருவருக்கு இன்னும் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. முதல் மாடிக்குப் போகும் படிக்கட்டிலும் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டார்.

அந்த டப்பாவை அப்புறம் கையில் எடுத்துப் பார்த்தேன். கூல்டிரிங்க்ஸ் டின் அளவு, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த தகரம். மேலே நெம்புகோலும் வளையமும் இருந்த இடம், மூடியில் சின்னச் சின்னத் துளைகள், அவற்றை மூடியிருந்த டேப் கருகிச் சுருண்டு போயிருந்தது. உள்ளே கட்டிதட்டிய கறுப்புக் கசடு. அது கிடந்த இடத்தில் மொசைக் தரையில் காப்பி நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது, எத்தனை தேய்த்தும் போகவில்லை. டப்பாவின் பெயின்ட் பாதி கொப்பளித்துப் போயிருக்க, மிச்சமிருந்த லேபிளில் படிக்க முடிந்தது இரண்டே விஷயம்: வெள்ளைப் புகை, பயிற்சிக்கு.

படிக்கட்டு என்பது கட்டடத்தின் புகைபோக்கி. கீழே கிளப்பிய புகை நேராக மேலே போய், மூடியிருந்த மொட்டைமாடிக் கதவில் முட்டி, திரும்பி முதல் மாடி வராண்டாவை நிறைத்துவிட்டது. பணயக்கைதிகளாக நடிக்க உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் கேன்டீன் அக்காவும் ஒருவர். அவருக்கு வீசிங் உண்டு, அது எங்கள் மருத்துவப் பதிவிலேயே இருக்கிறது. திட்டத்தில் மாடியில் புகை கிடையாது என்பதால்தான் அவரை மாடியில் உட்கார வைத்திருந்தோம். கமாண்டோக்கள் உள்ளே நுழைந்து எல்லோரையும் அழைத்துவர எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் அவர் அந்தப் புகையில் இருந்தார். கீழே வந்ததும் இருமல், தொண்டையில் கரகரப்பு, வாயில் ஏதோ இரும்புச் சுவை என்றார். தண்ணீர் குடித்தார், இன்ஹேலர் எடுத்தார், சிரித்தார், கைதட்டல் எல்லாம் முடிந்து டீ கொடுத்தார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

## டாக்டரின் கேள்வி

பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டியூட்டியில் இருந்தது இளம் டாக்டர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன புகைங்க?"

"மாக் டிரில் புகை டாக்டர்."

"அது சரி. என்ன புகை? எதுல செஞ்சது?"

நான் ரசாயனத் தொழிற்சாலைக்காரன். எங்கள் வளாகத்துக்குள் வரும் ஒவ்வொரு டிரம்முக்கும், உள்ளே என்ன இருக்கிறது, அதனால் என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாள் ஃபைலில் இருக்கும், அது இல்லாமல் கேட் தாண்டி ஒரு லிட்டர் கூட உள்ளே வராது. தரை கழுவும் திரவத்துக்குக் கூட அந்தத் தாள் உண்டு. அந்தப் புகை டப்பாவுக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அது விருந்தாளிகளோடு வந்தது. ஒத்திகை ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டேன். "ஒயிட் ஸ்மோக்தான் சார், டியர் கேஸ் இல்ல, பயப்படாதீங்க" என்றார். சப்ளை செய்தவர் நம்பரை வாங்கி அவரிடம் கேட்டேன். "டிரெயினிங்குக்குன்னுதான் வாங்கினாங்க, ஒண்ணும் ஆகாது சார்." ஒன்றும் ஆகாது என்பது பதிலே இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு ஒருவர் மாற்றி ஒருவரிடம் கேட்டேன், அந்த டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

டாக்டர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். சாதாரணமாக விறகுப் புகை மாதிரி என்றால் மருந்து கொடுத்து, ஆக்சிஜன் சரியானதும் அனுப்பிவிடலாம். சில ரசாயனப் புகைகளில் சங்கதி வேறு. முதலில் லேசான இருமலோடு நிற்கும், நோயாளி நன்றாகிவிட்டது போல இருப்பார், சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எது என்று தெரியாததால் மோசமானது என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க முடியும் என்று சொல்லி அட்மிட் செய்தார். இரவு முழுக்க கண்காணிப்பு, காலையில் மறுபடி எக்ஸ்ரே. நல்லவேளை, அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார், இன்றைக்கும் எனக்கு டீ போட்டுத் தருகிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்று வரை விடை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் புகைகளைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

## எல்லாம் வெள்ளைதான்

படித்ததில் முதலில் என்னைப் பிடித்து உலுக்கியது இது. படிக்கட்டில் பார்த்த அந்த வெள்ளைப் புகை, ஒன்றுக்கொன்று துளியும் சம்பந்தமில்லாத பல பொருள்களில் எதிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

பழையதும் பேர்போனதும் ஹெச்.சி. புகை. ஹெக்சாகுளோரோஈத்தேன், துத்தநாக ஆக்சைடு, அலுமினியம் மூன்றும் சேர்ந்து எரியும்போது ஜிங்க் குளோரைடு ஆவியாகிக் கிளம்புகிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டு நுண்ணிய துளிகளாக மாறுகிறது. அந்தத் துளிகளைத்தான் நாம் புகை என்று பார்க்கிறோம். முதல் உலகப் போரில் பெர்ஜே என்ற பிரெஞ்சு அதிகாரி உருவாக்கிய துத்தநாகக் கலவையின் வழிவந்தது இது. மறைப்பதற்கு இதை அடிக்க ஆள் இல்லை, அடர்த்தியான புகை, நிறைய நேரம் நிற்கும். ஆனால் ஜிங்க் குளோரைடு அரிக்கும் பொருள். நுரையீரலின் ஈரத்தில் பட்டால் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். கூடவே கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, கொஞ்சமாக ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு கூட உண்டாகலாம்.

இரண்டாவது, டெரெப்தாலிக் அமிலப் புகை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கும் பாலியஸ்டர் துணிக்கும் மூலப்பொருளான அதே அமிலம்தான். ஹெச்.சி.யின் நச்சுத்தன்மையைப் பார்த்துவிட்டு அமெரிக்க ராணுவம் பயிற்சிக்கு இந்தப் பக்கம் நகர்ந்தது. ஆனால் இதில் ஒரு விலை உண்டு. பழைய ஏஎன்-எம்8 ஹெச்.சி. குண்டு 105 முதல் 150 நொடி வரை புகைக்கும், டெரெப்தாலிக் அமிலத்தில் செய்த எம்83 அதிகபட்சம் 70 நொடி. திரையும் அவ்வளவு கெட்டியாக இருக்காது. அதனால்தான் பழையதை விட மனசில்லாமல் சிலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இதுவும் கவலையில்லாமல் சுவாசிக்கலாம் என்கிற ரகம் கிடையாது, கார்பன் உள்ள எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். ஆனால் ஹெச்.சி.யோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம்.

மூன்றாவது, சினிமா ஷூட்டிங்கிலும் கல்யாண மேடையிலும் விடும் புகை. கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த தண்ணீரை மெஷினில் சூடாக்கி விடுவது. இதில் எரிவது எதுவும் இல்லை. பல நாடுகளில் தீயணைப்பு வீரர்களுக்கு இருட்டறைத் தேடுதல் பயிற்சி கொடுக்க இந்த மெஷின்தான் ஓடுகிறது.

வண்ணப் புகை தனிக் கதை. அதில் சாயப்பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டும் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை எரியும் சூட்டில் சாயம் கற்பூரம் மாதிரி நேராக ஆவியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து மறுபடி பொடியாகிறது. அப்படியானால் நாம் சுவாசிப்பது சாயத்தைத்தான். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவையில் பார்வையாளர் மாடத்திலிருந்து குதித்த இருவர் மஞ்சள் புகையைக் கிளப்பினார்களே, அன்று டிவியில் ராத்திரி வரை ஓடிய விவாதமெல்லாம் பாஸ் கொடுத்தது யார், ஷூவுக்குள் எப்படி மறைத்தார்கள் என்பதைப் பற்றித்தான். மூடிய அவைக்குள் எம்.பி.க்கள் சுவாசித்தது எது என்ற கேள்வியை யாராவது உரக்கக் கேட்பார்கள் என்று சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் மொத்த விஷயத்தின் மையமாகத் தெரிகிறது. புகை ஏன் மறைக்கிறது? ஒளியைச் சிதறடிப்பதால். ஒளியை நன்றாகச் சிதறடிக்க வேண்டும் என்றால் துகளின் அளவு ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அரை மைக்ரான், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று இருக்க வேண்டும். அதைவிட ரொம்பப் பெரிய துகளை மூக்கு முடியும் தொண்டையும் பிடித்துவிடும். இந்த அளவில் இருப்பது எல்லாக் காவலையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். ஆக, ஒரு புகைக் குண்டு தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ அவ்வளவு ஆழமாக நெஞ்சுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். தரமான குண்டு வாங்கிவிட்டோம், அதனால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துகள் எதனால் ஆனது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

## பயிற்சியில்தான் நடந்திருக்கிறது

ஹெச்.சி. புகையால் ஏற்பட்ட மரணங்களைப் பற்றிப் படித்துக்கொண்டே போனால் திரும்பத் திரும்ப வருவது மூடிய இடமும் பயிற்சியும்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு சுரங்கப்பாதையில் புகை ஜெனரேட்டர்கள் தற்செயலாகப் பற்றிக்கொண்டு 70 பேர் அதில் மாட்டினார்கள், 10 பேர் இறந்தார்கள். 1945இல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. 1988இல் வெளியான இன்னொரு மருத்துவ அறிக்கை, ராணுவப் பயிற்சியில் முகக்கவசம் இல்லாமல் இந்தப் புகையைச் சுவாசித்த இரண்டு வீரர்களைப் பற்றியது. ஒருவர் 25 நாள் கழித்தும் இன்னொருவர் 32 நாள் கழித்தும் இறந்தார்கள். 2005இல் தைவான் மருத்துவர்கள் இதே மாதிரி பாதிக்கப்பட்ட 20 பேரின் ஸ்கேன்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 25 நாள், 32 நாள் என்ற அந்த இரண்டு எண்களைத் தாண்டிப் போக எனக்கு ரொம்ப நேரம் ஆனது. எங்கள் அக்கா டீ குடித்துவிட்டுச் சிரித்தது ஞாபகம் வந்தது.

திறந்தவெளியிலும் கேள்வி இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரவுக்கு இரவு போராட்டம் நடந்தது. கூட்டாட்சிப் படையினர் அங்கே கண்ணீர்ப் புகையோடு ஹெச்.சி. புகையையும் பயன்படுத்தினார்கள். தெருவில் கிடந்த காலி டப்பாக்களைப் பொறுக்கி, லேபிளைப் படித்து, இது சாதாரணப் புகை இல்லை என்று வெளியே சொன்னது ஒரு சூழலியல் ஆய்வாளர். அந்தப் பகுதியின் மழைநீர் வடிகால்களில் துத்தநாகம் உள்ளிட்ட உலோகங்கள் கூடியிருந்ததை மாநகராட்சியின் பரிசோதனையே காட்டியது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்கும் போட்டன. அங்கே லேபிளாவது இருந்தது, படித்ததும் விஷயம் வெளியே வந்தது. நான் படித்த லேபிளில் "வெள்ளைப் புகை, பயிற்சிக்கு" என்பதைத் தவிர என்ன இருந்தது?

கண்ணீர்ப் புகைக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தத்திலேயே இடம் உண்டு. 1997இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் அதைப் போரில் பயன்படுத்தக் கூடாது, உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குக்கு அனுமதி உண்டு என்று வகை பிரித்து வைத்திருக்கிறது. எரிச்சல் தராத, மறைக்க மட்டுமே பயன்படும் புகை அந்த வகைக்குள்ளேயே வராது. ஆபத்தை எரிச்சலை வைத்து அளக்கும் பழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை என்று இதிலிருந்து புரிகிறது. கண் எரிந்தால் மனிதன் ஓடிவிடுவான். எரியாத புகையில் நின்றுகொண்டே இருப்பான். எங்கள் அக்கா நின்றார்.

## இன்ஸ்பெக்டர் சொன்னதும் நியாயம்

புகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒத்திகைக்கு வந்திருந்த ஒரு இன்ஸ்பெக்டரோடு அப்புறம் நிறையப் பேசினேன், நல்ல மனிதர். அடிபட்டுக் கிடக்கும் சக காவலரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலிருந்து இழுத்து வருவதற்கு ஒரு புகைத் திரை எவ்வளவு பெரிய உதவி என்று அவர் சொன்னபோது மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு குண்டு கூடச் சுடாமல் காரியம் முடிய வழி இருந்தால் அதற்குப் புகையும் ஒரு வழி. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கவும் அதைத்தான் போடுகிறார்கள். பயிற்சியில் கண்ணீர்ப் புகைக்குப் பதிலாக வெறும் புகை விட்டுப் பழகுவதும் உண்டு. விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும்போது புகை தரையோடு படுத்துக்கொள்ளும், உச்சி வெயிலில் சூடான தார்ரோட்டில் போட்டால் நேராக மேலே எழும்பிப் போய்விடும், அப்போது திரையும் கிடையாது ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் செய்து பார்க்காமல் புத்தகத்தில் படித்து வராது என்றார். உண்மைதான்.

அவரிடம் நான் கேட்டது வேறு. இந்தப் புகையை அதிகம் சுவாசிப்பது யார்? ஒருநாள் ஒத்திகைக்கு வந்த எங்கள் ஊழியர்கள் இல்லை. ஒவ்வொரு பேட்ச் பயிற்சிக் காவலருக்கும் முன்னால் நின்று குண்டைப் பற்றவைத்துக் காட்டுகிற பயிற்றுநர். வருஷம் முழுக்க அவர்தான் அதில் நிற்கிறார். அவருக்கு யாராவது அந்தப் பாதுகாப்புத் தகவல் தாளைக் கொடுத்திருக்கிறார்களா? இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தன்னுடைய பயிற்சிக் காலத்தில் புகைக்குள் ஓடவிட்டதையும், இரண்டு நாள் சளியில் கறுப்பாக வந்ததையும், அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னார்.

உள்ளே பயிற்சி என்றால் கிளைக்கால் மெஷின் போதுமே என்று நான் சொன்னதை அவர் முழுதாக ஏற்கவில்லை. அந்தப் புகை மெதுவாக நிரம்பும், கையில் தூக்கி எறிய முடியாது, சத்தமும் சூடும் பதற்றமும் இல்லாமல் பழகினவன் நிஜத்தில் தடுமாறுவான் என்றார். பதற்றம் வேண்டும் என்றால் சத்தத்தைக் கூட்டுங்கள், விளக்கை அணையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், இருட்டில் அந்த மெஷின் புகையே போதும். தூக்கி எறிந்துதான் பழக வேண்டுமென்றால் மைதானத்தில் எறியுங்கள், காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து. 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்கக் கொளுத்திய ஒரு புகைச் சாதனத்தால் 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்து ஒரு தீயணைப்பு வீரர் உயிர் போனது. புகைதானே என்பவர்கள் அது எரிந்துதான் புகைகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் மொசைக் தரை வட்டத்தை வேண்டுமானால் வந்து பார்க்கட்டும்.

சப்ளையர்களிடம் விவரம் கேட்டால் கிடைக்காது, ரகசியம் என்பார்கள் என்று ஒரு வாதமும் வந்தது. எனக்கு இது ஒப்பவில்லை. கலவையின் விகிதத்தை யாரும் கேட்கவில்லை. எரிந்தால் என்ன வரும், எங்கே கொளுத்தக் கூடாது, சுவாசித்தவரை டாக்டர் எத்தனை மணி நேரம் கவனிக்க வேண்டும், இவ்வளவுதான் வேண்டும். கண்ணீர்ப் புகைக் குண்டுகளை வெளிநாட்டை நம்பாமல் நாமே செய்துகொள்ள எல்லைப் பாதுகாப்புப் படை குவாலியர் பக்கத்தில் தேகன்பூரில் 1976லேயே தனிப் பிரிவு ஆரம்பித்த நாடு இது. குண்டையே செய்யத் தெரிந்த நாட்டுக்கு ஒரு பக்கத் தாள் அச்சடிப்பது பெரிய வேலையா?

எங்கள் பக்கத்தில் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறோம். வெளியிலிருந்து யார் ஒத்திகைக்கு வந்தாலும், எந்தத் துறையாக இருந்தாலும், புகை டப்பா கேட்டிலேயே நிற்கும், பாதுகாப்புத் தகவல் தாள் வந்த பிறகுதான் உள்ளே வரும். தாளின் ஒரு பிரதி ஆம்புலன்சில், ஒன்று அந்த ஊர் மருத்துவமனையில் முந்தின நாளே கொடுத்துவிடுவோம். கட்டடத்துக்குள் எரியும் புகை எதுவும் கிடையாது. வீசிங் உள்ளவர்கள் புகை இருக்கும் ஒத்திகைகளில் நடிக்க மாட்டார்கள், அவர்களே கேட்டாலும். இதை எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, புகைக்கு இவ்வளவா என்று கேட்டவர்களே அதிகம். இன்ஸ்பெக்டர் தன் பங்குக்கு அவர்கள் பயிற்சி மைதானத்துக்கு வரும் சரக்குக்கும் தாள் கேட்டு மேலே ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார், இதுவரை பதில் வரவில்லை. அவர் திரும்ப நினைவூட்டப்போவதாகச் சொன்னார், என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கல்லூரியிலோ அபார்ட்மென்டிலோ கம்பெனியிலோ அடுத்த மாக் டிரில் நடந்தால், டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் போய் அந்தத் தாளைக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.